பேர் தெரியாத கல்லறையில் ஒரு மெழுகுதிரி

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். குருநகர்ச் சேமக்காலைக்குள் கால் வைக்க இடமில்லை. சேமக்காலை என்பது எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரின் கல்லறை நிலம். அன்று ஆத்துமாக்களின் திருநாள்.

ஒவ்வொரு கல்லறையைச் சுற்றியும் ஒரு குடும்பம் நின்றது. புல் பிடுங்கி, வெள்ளை மணல் பரப்பி, மெழுகுதிரி கொளுத்தி, காற்றுக்கு அணையாமல் அரைத் தேங்காய்ச் சிரட்டையால் மறைத்துப் பிடித்தபடி, சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு தங்கள் பக்கம் வரும்வரை காத்திருந்தார்கள். ஈர மண்ணும் மெழுகும் சாம்பிராணியும் கலந்த அந்த மணம் இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் நான் நடையை நிறுத்திவிடுவேன்.

அம்மா மட்டும் ஒரு மூலையில், பூவரச மரத்தடியில், தனியாகக் குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அது எங்கள் குடும்பத்தவர் எவருடைய கல்லறையும் அல்ல. பல வருடங்களுக்கு முன் கரையொதுங்கிய ஓர் ஆணின் உடலை அங்கே தாட்டிருந்தார்கள். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. சிலுவை கூட இல்லை. ஒரு மண்மேடு, சுற்றிவர நாலைந்து சிப்பி.

"தம்பி, அந்தச் சிரட்டையை ஒருக்காப் பிடி" என்றார் அம்மா.

நான் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மெழுகுதிரி மூன்று தரம் அணைந்தது. நாலாந்தரம் ஒரு கையால் சிரட்டையைப் பிடித்து மறு கையால் அவரே கொளுத்தினார்.

"உவர் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வேதமோ சைவமோ அதுவும் தெரியாது. உவருக்குக் கொளுத்தினா ஐயாவுக்கும் போய்ச் சேரும்" என்று, நான் கேட்காமலே சொன்னார்.

என் தகப்பனார், ஐயா, இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. ஐம்பதுகளின் கடைசிப் பக்கம். நான் அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைப்பதை விட்டும் அதே அளவு காலம். அந்தக் கோபத்தின் கதையைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அறைக்குள் நடந்த கலியாணம்

போன வாரம் ஐயாவின் பாய்க்கப்பலைப் பற்றி எழுதியிருந்தேன். வாசிக்காதவர்களுக்காக ஒரு வரி: ஐயா கதிரவேலு, வல்வெட்டித்துறைக் கடலோடிக் குடும்பம், சைவர். அம்மா மதலேனம்மா, குருநகர் மீன்பிடிக் குடும்பம், கத்தோலிக்கர். சரக்கு இறக்க வந்த இடத்தில் ஐயா அம்மாவைக் கண்டார். இரண்டு வீட்டாரும் ஒரு வருடம் குதித்தார்கள், பிறகு களைத்துப் போனார்கள்.

ஐயா வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வரமாட்டேன் என்றுவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிக் கலப்பாகக் கலியாணம் செய்பவர்களைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்த மாட்டார்கள். பூசை உடுப்புகள் வைக்கிற பக்க அறையில், பாட்டும் இல்லாமல் பூவும் இல்லாமல், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்களாம். பிறக்கிற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பேன் என்று ஐயா கையெழுத்து வைத்தார். கையெழுத்து வைத்ததை அவர் ஒருநாளும் மீறவில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் மாதா சுரூபம் இருந்தது. அதற்குப் பக்கத்து ஆணியில் ஐயாவின் திருநீற்றுப் பை தொங்கியது. அம்மா சனிக்கிழமைகளில் இரண்டிலும் தூசி தட்டுவார். பின்னேரம் நாங்கள் முழங்காலில் நின்று செபமாலை சொல்லும்போது ஐயா முற்றத்தில் இருந்து கயிறு பின்னுவார். கடைசி மன்றாட்டு முடியும்வரை சுருட்டைப் பற்ற வைக்கமாட்டார். அது அவருடைய மரியாதை.

அம்மா ஒவ்வொரு நாளும் அவருக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி கூடுதலாகச் சொல்லுவார். எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். ஐயாவுக்கும் தெரியும். "சொல்லு, சொல்லு, ஆண்டவருக்கு வேற வேலை இல்லை" என்று சிரிப்பார்.

மூக்குப்பேணி

அம்மாவிடம் ஒரு வெண்கல மூக்குப்பேணி, அதாவது மூக்கு வைத்த குவளை, இருந்தது. மற்ற வீடுகளில் அதில் தேத்தண்ணீர் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் அதில் ஒருவரும் குடிக்கக்கூடாது.

எங்கள் பகுதியில் ஒரு பிள்ளை குறைமாதத்தில் பிறந்தாலோ, பிறந்து அழாமல் கிடந்தாலோ, மருத்துவிச்சி முதலில் ஆள் அனுப்புவது அம்மாவுக்குத்தான். சுவாமியார் வந்துசேர நேரமில்லாவிட்டால் விசுவாசி எவரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது சபையின் விதி. அம்மா ஈரக் கையோடு அப்படியே ஓடுவார். பேணியின் மூக்கால் நூல் போலத் தண்ணீர் விழும், பிஞ்சுத் தலை நோகாது. அப்படி எத்தனை பிள்ளைகள் பரலோகம் போயிருக்கும் என்று அம்மாவிடம் கேட்டால், "போனதுகளைக் கேளாதை, தப்பினதுகளைக் கேள்" என்பார். தப்பினவர்களில் சிலர் இன்றும் என்னைக் கண்டால், உங்கள் அம்மாதான் எனக்குப் பேர் வைத்தவர் என்பார்கள்.

அப்படிப்பட்டவரின் புருசன் ஒருநாள் காலை கிணற்றடியில் விழுந்தார். வலது பக்கம் முழுவதும் வழங்காமல் போயிற்று, வாய் கோணிப் பேச்சும் நின்றது. ஆசுபத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்துப் புதிதாக வந்திருந்தேன். கத்தோலிக்கக் கோயிலில் பாட்டுக்கு முன்னிற்பவன் நான். எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வேறு. ஐயாவின் மூச்சு இழுக்கத் தொடங்கியபோது நானே ஓடிப்போய் மூக்குப்பேணியை நிரப்பிக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அம்மா பேணியை வாங்கினார். ஐயாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் சேலைத் தலைப்பை அந்தத் தண்ணீரில் நனைத்து அவருடைய உதட்டை ஒற்றினார்.

"தலையிலை ஊத்துங்கோ, அம்மா."

"ஐயா கேட்டவரே?"

"வாய் பேசேலாத மனிசன் என்னெண்டு கேக்கிறது?"

"வாய் பேசேக்கை இருபத்தஞ்சு வருசமாய்க் கேக்கேல்லையே, தம்பி" என்றார் அம்மா. குரல் உடைந்துவிட்டது. ஆனால் பேணியைச் சாய்க்கவில்லை.

நான் அவருடைய கையிலிருந்து அதைப் பறிக்கப் பார்த்தேன். ஆம், தாயின் கையிலிருந்து பறிக்கப் பார்த்தேன். அவர் மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலை இழுத்த குடும்பத்துக் கை அது. ஐயாவின் மூச்சு நிற்கும்வரை விடவில்லை.

மூத்த பிள்ளை

மத்தியானத்துக்குள் வல்வெட்டித்துறையிலிருந்து லொறியில் வந்துவிட்டார்கள். ஐயாவின் தங்கை, எங்கள் மாமி, வாசலிலேயே நின்று அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மச்சாள், அண்ணைக்குத் தண்ணி கிண்ணி ஏதும் ஊத்தினியளோ?"

"இல்லை. அவர் எப்பிடி வந்தாரோ அப்பிடியே தாறன், கொண்டுபோங்கோ" என்றார் அம்மா.

மாமி அதுவரை எங்கள் வீட்டு வாசற்படி மிதித்தவரல்ல. அன்று உள்ளே வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அது கூடப் பொறுக்கவில்லை. ஒரு ஆத்துமாவை விட்டுக்கொடுத்துவிட்டு இவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

பாடையை லொறியில் ஏற்றும்போது அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நீ போய்க் கொள்ளி வை. மூத்த பிள்ளை நீதானே."

நான் திகைத்துப் போனேன். தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பது சைவரின் முறை. எங்களுக்கு அந்தக் காலத்தில் உடலை எரிப்பதே விலக்கு. அந்தச் சடங்கில் கை வைப்பது சாவான பாவம் என்று எனக்கு மறைக்கல்வி சொல்லித் தந்தவரே அம்மாதான். சுவாமியார் என்ன சொல்லுவார் என்று கேட்டேன். சுவாமியாரோடு தான் கதைத்துக்கொள்வதாகவும், என்னைப் போகும்படியும் சொன்னார்.

நான் போகவில்லை. லொறி ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை அம்மா வாசல் படலையில் நின்றார். அவருக்கும் அங்கே போக வழியில்லை, பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் கோயிலுக்குள் போய் வாங்கில், அந்த நீண்ட பெஞ்சில், இருந்துகொண்டேன். செபித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பற்களைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் கொள்ளி வைத்தாராம். வைத்துவிட்டு, முறைப்படி, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாராம். மாமி பிறகு வந்து அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாங்கில் இருந்துவிட்டார்

அடுத்த ஞாயிறு பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்கப் பீடத்துக்கு முன்னுள்ள கிராதியடிக்குப் போக, அம்மா எழும்பவில்லை. வாங்கிலேயே தலைகுனிந்து இருந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படித்தான். உயிர்த்த ஞாயிறு வந்தது, அன்றும் போகவில்லை.

விடிகாலைப் பூசைக்கு மணி அடிக்குமுன் கோயில் வாசலில் நிற்கிறவர் அவர். ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? புருசனைச் சைவமாகவே சாகவிட்ட பாவம் என்றார்கள் சிலர். கலியாணமே செல்லாத கலியாணம் என்றார்கள் வேறு சிலர். அம்மா காதில் எல்லாம் விழுந்தது. அவர் பூசைக்கு வருவதையும் நிறுத்தவில்லை, கிராதியடிக்குப் போகவும் இல்லை.

நான் முதல் கட்சி. ஞானஸ்நானம் கொடுக்காத குற்றம் அவரை உறுத்துகிறது, நல்லாய் உறுத்தட்டும் என்று நினைத்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. நத்தாருக்கும், அதாவது கிறிஸ்மசுக்கும், ஆத்துமாக்கள் திருநாளுக்கும் மட்டும் வீட்டுக்கு வந்தேன். சேமக்காலையில் சிரட்டை பிடிக்க மறுத்தது அப்படி வந்த முதல் தரம்.

இன்னொன்றும் அந்தக் காலத்தில் நடந்தது. ஒரே ஒரு தரம் ஆடி விடுமுறைக்கும் வந்திருந்தேன். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தால் இலையில் மீன் இல்லை. மரக்கறி மட்டும், கரையில் பொரித்த காத்தோட்டிக்காய். ஆடி அமாவாசையில் தகப்பனை நினைத்து விரதம் இருக்கிற சைவர் வீடுகளில்தான் அந்தக் கசப்புக் காயை அப்படிச் சமைப்பார்கள். அம்மா அதைச் சந்தையில் தேடி வாங்கியிருக்கிறார். நான் இலையை மூடிவிட்டு எழும்பினேன். அம்மா என் பங்கையும் தானே சாப்பிட்டார். இதை எழுதும்போது எனக்கு என்மேலே அருவருப்பு வருகிறது.

வேண்டாமென்று சொல்லாதவள்

அறுபதுகளின் நடுவில் நான் மாற்றலாகி ஊருக்கு வந்தேன். கலியாணமும் ஆகியிருந்தது. அம்மா ஏற்கெனவே நற்கருணைக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்று கண்டேன். ஏன் விட்டார், ஏன் தொடங்கினார் என்று கேட்க என் மானம் விடவில்லை.

என் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. ஆசுபத்திரிக்குக் கார் பிடிக்க முன் ஒரு காலை நேரம் வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. உள்ளங்கை அகலம், நீலம் பாரித்த உடம்பு, அழுகை இல்லை. அம்மா மூக்குப்பேணியோடு வந்து குந்தினார்.

அந்த நேரத்திலும் என் நாக்கு அடங்கவில்லை.

"உவள் கேக்கேல்லையே, அம்மா. பிறகேன் ஊத்திறியள்?"

அம்மா நிமிரவில்லை. "வேண்டாமெண்டும் சொல்லேல்லையே" என்றார். தண்ணீர் நூல் போல விழுந்தது. ஸ்ரெலா என்று பேர் வைத்தார். நாலாவது சொட்டிலோ ஐந்தாவது சொட்டிலோ பிள்ளை முகத்தைச் சுளித்து அழுதாள்.

வேண்டாமென்று சொல்லாதவள். அப்படியானால் சொன்னவர் ஒருவர் இருந்திருக்கிறார். ஒரு கிழமை கழித்து, பிள்ளையைப் பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் இருந்தேன். ஏழெட்டு வருடத்தில் முதல் தரமாகக் கேட்டேன்.

கலியாணம் நடந்த அன்று பின்னேரமே ஐயா அம்மாவிடம் ஒரு வாக்கு வாங்கியிருக்கிறார். பிள்ளைகளை உங்கள் கோயிலுக்குத் தந்துவிட்டேன், என்னை என் பாட்டில் விட்டுவிடு, நான் நினைவில்லாமல் கிடக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றாதே என்று கேட்டாராம். அம்மா சிலுவையைத் தொட்டுச் சம்மதித்தாராம். ஐயா தன் கையெழுத்தை மீறவில்லை, நான் என் வாக்கை எப்படி மீறுவது என்று அம்மா என்னைக் கேட்டார்.

நற்கருணை எடுக்காமல் விட்டது அதற்காகவா என்றேன். இல்லை என்றார். அந்த வாக்குக்காக ஒரு சுவாமியாரும் அவரைக் குறை சொல்லவில்லையாம். என்னைக் கொள்ளி வைக்கச் சொன்னதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறார். அந்தச் சுவாமியார், அது பெரிய பாவம், மனஸ்தாபப்படு, பாவமன்னிப்புத் தருகிறேன் என்றிருக்கிறார்.

"மனஸ்தாபம் வரேல்லை, தம்பி. வராததை வந்ததெண்டு அந்த இடத்திலை சொல்லேலுமே?"

மன்னிப்பு இல்லாமல் நற்கருணை இல்லை. அப்படியே நாலு வருடம். பிறகு உரோமையில் ஆயர்களின் பெரிய சங்கம் கூடிக் காற்று மாறிய காலத்தில் ஒரு புதுச் சுவாமியார் வந்தார். தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய் என்று பிள்ளையிடம் சொன்னதற்கு நான் எதை மன்னிப்பது என்று கேட்டாராம்.

நான் போகவே இல்லை. நடக்காத ஒன்றுக்காக அம்மா நாலு வருடம் வாங்கில் இருந்திருக்கிறார்.

"நான் போகேல்லை எண்டு சுவாமியிட்டைச் சொல்லியிருக்கலாமே, அம்மா?"

அம்மா பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தார்.

"சொன்னால் அவர் உன்னை நல்ல பிள்ளை எண்டிருப்பார். அதைக் கேக்க எனக்கு விருப்பமில்லை."

அம்மா என்னைக் கண்டித்துச் சொன்னது வாழ்நாளில் அந்த ஒன்றுதான். அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

பற்றிய திரி

அதன் பிறகு கோபம் இல்லை. ஆனால் மன்னிப்பும் நான் கேட்கவில்லை. வாத்தியார்மாருக்கு அது லேசில் வராது. ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காயைச் சத்தமில்லாமல் சாப்பிட்டேன். ஆத்துமாக்கள் திருநாளில் பூவரச மரத்தடியில் அம்மாவுக்குச் சிரட்டை பிடித்தேன். நெருப்புப்பெட்டியை மட்டும் அம்மா ஒருநாளும் என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

எண்பதுகள் பிறந்து ஓரிரு வருடத்தில், நத்தாருக்குச் சில நாட்கள் முன், அம்மா போனார். சுவாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார், சுற்றி நின்று நாங்கள் செபமாலை சொன்னோம். குறையில்லாத சாவு. பெட்டிக்குப் பின்னால் வந்த கூட்டத்தில் மூக்குப்பேணித் தண்ணீர் தலையில் விழுந்தவர்கள் பலர் இருந்தார்கள். மாமியும் நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து சேமக்காலை வாசல் வரை நடந்தார்.

அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் முந்திய ஒரு பின்னேரத்தோடு இதை முடிக்கிறேன். ஆத்துமாக்களின் திருநாள். அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கி, கட்டிலை விட்டு இறங்க முடியாமல் இருந்தது. பதினாறு பதினேழு வயதுப் பெண்ணாகிவிட்ட ஸ்ரெலா மெழுகுதிரிகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே அதே ஐப்பசித் தூறல்.

அம்மா தலையணைக்குக் கீழிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ போய்க் கொளுத்து. மூத்த பிள்ளை நீதானே."

ஸ்ரெலாவுக்கு அதில் ஒன்றும் விளங்கியிருக்காது. இருபது வருடத்துக்கு மேலாக அந்த வார்த்தைகளை அம்மா திரும்பச் சொன்னதில்லை.

பூவரச மரத்தடியில் ஸ்ரெலா சிரட்டை பிடித்தாள். முதல் குச்சி நமுத்துப் போயிருந்தது. இரண்டாவது காற்றில் அணைந்தது. மூன்றாவதில் திரி பிடித்தது. பேர் தெரியாத அந்த மனிதரின் மண்மேட்டில் மெழுகுதிரியை ஊன்றினேன். கை சுட்டது, எடுக்கவில்லை. பிறகு எழுந்து, சேமக்காலைப் படலை வரை நேரே நடந்தேன். ஸ்ரெலா பின்னால் ஓடிவந்து, சுவாமியார் இன்னும் வரவில்லையே அப்பா என்றாள். நான் நிற்கவில்லை.

வீட்டில் அம்மா விழித்தபடி கிடந்தார்.

"பத்திச்சுதோ, தம்பி?"

"ஓம் அம்மா."

"திரும்பிப் பாத்தனியோ?"

"இல்லை."

அம்மா என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரலில் மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்தார்.